பழைய ஃபியட்டுக்கு அலாய் வீல் போடும் முன் இதைப் படியுங்கள்: எனக்குப் போனது ₹46,000

போன வாரம் கோபியில் எங்கள் மெக்கானிக் வீலைக் கழற்றிக் காட்டினார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். வீல், டயர், சஸ்பென்ஷன் மூன்றிலும் எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

வண்டி, அப்பா 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி, ஊரில் எல்லோரும் ஃபியட் என்றே சொல்வது. போன மாதம் கோவையில் பழைய கார்களுக்கு அலாய் வீல் (அலுமினியக் கலவை வீல்) மாட்டித் தரும் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். ஓனர் பானெட்டைத் தடவிப் பார்த்து, "எங்கய்யன்கிட்டயும் இதே ஃபியட்டுதானுங்ண்ணா இருந்துச்சு" என்றார். டீ வரவழைத்தார். அதற்கப்புறம் நான் பேரமே பேசவில்லை. போல்ட் சரியாக உட்காருமா என்று மட்டும் கேட்டேன். "ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசந்தானுங்க, இறுக்குனா உக்காந்துக்கும்" என்றார். சரி என்றேன். அந்தச் சரிக்குத்தான் ₹46,000.

அப்பாவின் ஸ்டீல் வீல்களை, குரோம் கப்போடு, "பழசு எதுக்குங்ண்ணா" என்று இரண்டாயிரம் கழித்து எடுத்துக்கொண்டார். அதையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பண்ணாரி ரோட்டில் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறியது. திம்பம் மலைப்பாதையில் ஏறவே இல்லை; இருபத்தேழு வளைவை அந்த வீலோடு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, திரும்பிவிட்டேன். மெக்கானிக் கழற்றியபோது போல்ட் உட்காரும் குழி ஒரு பக்கம் மட்டும் மின்னியது, அலுமினியம் தேய்ந்து தூளாக இருந்தது. ஃபியட்டின் போல்ட் வட்டம், அதாவது வீலின் போல்ட் துளைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம், 98 மில்லிமீட்டர், கடைக்காரர் மாட்டியது 100. டயரின் உள்பக்கம் டார்ச் அடித்தால் 1119. அதாவது 2019-ல் பதினோராவது வாரம் செய்தது. பாலிஷ் போட்டு, தேதியை உள்ளே திருப்பி மாட்டி, "புது ஸ்டாக்" என்றிருக்கிறார். வண்டி தாழ்வாக இருந்தால் அழகு என்று என்னைக் கேட்காமலே முன்பக்க காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தும் விட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது.

போன் செய்தேன். "ஓட்ட ஓட்ட செட் ஆயிருமுங்க." மறுநாள், "ஓனர் அவிநாசி போயிருக்காருங்க." அப்புறம், "பில் கொண்டாங்க பாக்கலாம்." அவர்கள் கொடுத்ததோ கடை பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. நேரில் போய் நின்றேன். டீ வரவில்லை. "உங்க ரோடு சரியில்லீங்க" என்றார், முகத்தைப் பார்த்தே. நாற்பத்தாறாயிரம் ரூபாய் வாங்கியவர் சொன்ன பதில் இது!

விரிவாக எழுதும் நிலையில் இல்லை. போல்ட் வட்டத்தை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள், இரண்டு மில்லிமீட்டர் என்றாலும் வேண்டாம். டயர் தேதியை மாட்டும் முன்பே படியுங்கள். ஸ்பிரிங்கை அறுக்க விடாதீர்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பழைய வீலைக் கையை விட்டு விடாதீர்கள்.

ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் யாரிடமாவது பத்மினியின் 14 அங்குல ஸ்டீல் வீல் நான்கு நெளியாமல் இருந்தால் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.