டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க: பி2பியா, போர்ட் ஃபார்வர்டிங்கா?

கடலூரில் கடை, புதுச்சேரியில் வீடு என்றிருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. சிசிடிவி பதிவுப் பெட்டியான டிவிஆரை எட்ட இரண்டு வழி: பி2பி (தயாரிப்பாளரின் சர்வர் உதவியோடு ஆப்பில் இணைவது), போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து நேரடியாக இணைவது; கீழே ‘போர்ட்’).

அமைப்பு
பி2பி: நெட்வொர்க் மெனுவில் ஆன் செய்து, ஆப்பில் கியூஆர் ஸ்கேன். ‘ஆஃப்லைன்’ என்றே நின்றால் முதலில் டிவிஆரின் டிஎன்எஸ்ஸை (இணையப் பெயர்களை ஐபி எண்ணாக்கும் சர்வர்) 8.8.8.8 என மாற்றிப் பாருங்கள்.
போர்ட்: டிவிஆருக்கு மாறாத உள் ஐபி, ரவுட்டரில் போர்ட் திறப்பு (ஹிக்விஷன் 8000, டாஹுவா 37777), வெளி ஐபி மாறினால் டிடிஎன்எஸ்ஸும் (மாறும் ஐபிக்கு மாறாத பெயர் தரும் சேவை) வேண்டும்.

செலவு
பி2பி: பொதுவாக இல்லை.
போர்ட்: ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது சிஜிநாட் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது). போர்ட் திறந்தும் பயனில்லை. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலும் தனிக் கட்டணம்.

பாதுகாப்பு
போர்ட் திறந்தால் இணையமே கதவைத் தட்டும். பழைய ஃபர்ம்வேரோடு (டிவிஆரின் உள் மென்பொருள்) திறக்கவே கூடாது.

வீடு, சிறு கடைக்கு பி2பி போதும். பல கிளைகளை ஒரே திரையில் நாள் முழுக்கப் பார்க்கும் நிறுவனத்துக்கு நிலையான ஐபி. முடிந்தால் போர்ட்டுக்குப் பதில் விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு).