திருகோணமலையில் கந்தோருக்கு இன்டீரியர் வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டைக் வீதிப் பக்கம் உள்ள எங்கள் கந்தோரின் உள்வேலையைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். முறைப்பாடு செய்திருப்பதால் பெயர் போடவில்லை. அதே ஆட்கள் உவர்மலையில் ஓரிடத்துக்கு அளவெடுத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

கொழும்பு உயர்மாடிக் கட்டடம் ஒன்றில் செய்த வேலை என்று படங்கள் காட்டினார்கள். கண்ணாடித் தடுப்பு, வெள்ளைக் கபேட், விளக்கு மறைத்த சீலிங். சரி, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நாள் முழுக்க ஏசி, ஜன்னலே திறப்பதில்லை. இங்கே கடற்காற்று நேரே உள்ளே வரும். அதனால் ஈரம் தாங்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிணைச்சல் என்று கொட்டேஷனிலேயே எழுத வைத்தோம். அதற்கென்று விலையும் கூட்டி, 70 வீதம் முற்பணமும் வாங்கினார்கள்.

வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. ஜன்னலோரக் கபேட் கதவின் அடிப்பக்கம் ஊறிய பாண் மாதிரி உப்பிவிட்டது. கழற்றிப் பார்த்தால், கண்ணில் படும் மூன்று விளிம்புக்கும் டேப் ஒட்டியிருக்கிறார்கள். தரையைப் பார்த்த விளிம்பு வெறும் பலகை. தரை துடைக்கும் தண்ணீர் முழுக்க அதில்தான் ஏறியிருக்கிறது. தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் மூலையை அரிந்து பார்த்துவிட்டு, "இது சாதாரணப் பலகை தம்பி, தண்ணி பட்டா நிக்காது" என்றார். பிணைச்சலில் காந்தத்தை வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. முலாம் பூசிய இரும்பு! திருகு ஓட்டைகளைச் சுற்றி ஏற்கெனவே துரு.

சீலிங்குக்கு மேலே ஏசித் தண்ணீர்க் குழாய்க்குச் சரிவே வைக்கவில்லை. ஜிப்சம் பலகையில் பழுப்புக் கறை படர்கிறது.

போன் எடுத்தால், "உங்க ஊர் காத்து அப்படி" என்கிறார்கள். அந்தக் காற்றுக்கென்றுதானே கூடுதல் காசு வாங்கினார்கள்?

வேலை கொடுப்பவர்கள் பலகையை வெட்டும்போதே ஆள் நின்று பாருங்கள். ஈரம் தாங்கும் எம்டிஎஃப் பெரும்பாலும் உள்ளே பச்சையாக இருக்கும், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வாங்கிய கடையின் பில்லைக் கேளுங்கள். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தரமான 304ஐயும் 316ஐயும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்குவது மாலிப்டினம் சேர்ந்த 316தான். ஒரு மழைக்காலம் கழியும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

கழற்றிய கதவை எறியவில்லை. இதே படங்களோடு யாராவது உங்களிடம் வந்திருந்தால், கையெழுத்து வைக்க முதல் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.