கிரனாடா சைப்ரஸ் கிட்டார்: பல வருடம் வாசித்த பிறகு

ஸ்பெயினின் கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறிப்போகும் கோமெரெஸ் சாலை கிட்டார் பட்டறைகளுக்குப் பேர் போனது. இந்த ஊர்க் கைவினைஞர் ஒருவர் செய்த ஃபிளமெங்கோ (தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை) கிட்டாரைத்தான் பல வருடமாக வாசித்து வருகிறேன். கையால் செய்த கிட்டார் வாங்க நினைப்பவர்கள் கடையில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்தால் தெரியாத விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

இதன் பக்கங்களும் பின்பலகையும் சைப்ரஸ் மரம், முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம். கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரும்பாலும் ஈட்டி மரம் போடுவார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டிதான். அதைவிட சைப்ரஸ் வெகு லேசு. தந்தியைத் தொட்டதும் சத்தம் பாய்ந்து வரும், சட்டென்று அடங்கும். விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துத் தந்திகளில் அடிக்கும் வேகமான ரஸ்கியாடோவில் ஒவ்வொரு விரலடியும் பிரிந்து கேட்பது இதனால்தான். மெதுவான கிளாசிக்கல் உருப்படிகளுக்கு மட்டும் சுரம் இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று இருக்கும். அதையே அதிகம் வாசிப்பவர்கள் ஈட்டி மரத்துக்கே போகலாம்.

செய்தவரின் திறமை முழுக்க முன்பலகையில் இருக்கிறது. சுமார் 2 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, வளைத்துப் பார்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி இழைப்பார்கள். அடியில் விசிறி போல ஒட்டிய மெல்லிய சட்டங்கள். இந்த அமைப்புக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் அல்மெரியா ஊரைச் சேர்ந்த கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). சத்தத்தைத் தீர்மானிப்பது முன்பலகைதான் என்று காட்டுவதற்காகவே 1862-இல் பக்கத்தையும் பின்புறத்தையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டார் கட்டினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

அவ்வளவு மெல்லிய பலகை என்றால் பருவத்துக்கு ஏற்ப அசையத்தான் செய்யும். ஆகஸ்டில் கிரனாடாவில் காற்று வறண்டுவிடும். பலகை லேசாக அமுங்கி, தந்திகள் தாழ்ந்து, ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உரசும். குளிர்கால மழையில் திரும்ப மேலே வரும். ஃபிளமெங்கோவில் தந்திகளைத் தாழ்வாகவே வைப்பார்கள், கொஞ்சம் உரசல் அந்த இசையின் ருசி. ஆனால் சுரமே அடைபட்டால் வாசிக்க முடியாது. அதனால் வெவ்வேறு உயரத்தில் இரண்டு எலும்பு சேடில் (முன்பலகை மேல் தந்திகளைத் தாங்கும் பட்டை) வைத்து, பருவத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறேன். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் தொழிற்சாலைக் கிட்டாரே வாங்கலாம்.

மேலே அடித்திருப்பது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. முன்கை படும் இடத்தில் வியர்வை பட்டு மங்கிவிட்டது. சானிடைசர் போட்ட கையோடு தொடவே கூடாது, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். கரைவதில் ஒரு நன்மையும் உண்டு: புதுப் பூச்சு பழையதோடு ஒன்றாகக் கலந்துவிடும், ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. தடிமனான பிளாஸ்டிக் பூச்சில் இது நடக்காது. விரலால் தட்டும் இடத்தில் கோல்பெயடோர் தகடு ஒட்டியிருப்பதால் அங்கே மரம் பத்திரமாக இருக்கிறது.

வாங்கும்போது கழுத்தை நன்றாகப் பாருங்கள். ஸ்பானிய முறையில் பக்கப் பலகைகளைக் கழுத்தின் அடிக்கட்டையிலேயே வெட்டிய பள்ளத்தில் செருகி ஒட்டுகிறார்கள். கழுத்தும் உடலும் ஒன்றாகவே கட்டப்படுவதால், கோணம் தப்பினால் இரும்புத் தந்திக் கிட்டார் போலக் கழற்றி மாட்ட வழியில்லை. என்னுடையது இத்தனை வருடத்தில் நகரவே இல்லை, அதற்காகவே செய்தவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இப்போது கண்ணில் படும் தேய்மானம் முதல் சில ஃப்ரெட்களில் மட்டும்தான். உலோகம் சுற்றிய தடித்த தந்திகள் அங்கே பள்ளம் பறித்திருக்கின்றன. தேய்த்துச் சமன்செய்தால் போதும் என்றார் செய்தவர். சீக்கிரமே பட்டறைக்குக் கொண்டுபோகப் போகிறேன்.