14,800 ராண்ட் போச்சு: டர்பனில் ஸ்டுடியோ லைட் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலையில், எனக்கு ஸ்டுடியோ லைட் விற்ற கடைக்காரன் என் வாட்ஸப் எண்ணை பிளாக் செய்துவிட்டான். இனி அவனோடு பேச வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். போனது 14,800 ராண்ட். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வீட்டிலேயே சின்னதாக ஸ்டுடியோ போட நினைக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த லைட் வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கோர்ட்டுக்குப் போகப் போகிறேன், அதற்கு முன்னால் அவன் கையில் நானே ஒரு கம்பைக் கொடுப்பானேன்? பழசும் புதுசும் கலந்து விற்கிற ஓர் இணையச் சந்தையில் விளம்பரம், நகர மையத்தில் ஓர் ஆர்கேடின் மாடியில் ஒற்றை அறைக் கடை. இந்த அடையாளம் போதும்.

எங்கள் வீட்டு கராஜைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறேன். கைக்குழந்தைகள், வளைகாப்பு, மெட்ரிக் டான்ஸ் (பள்ளிக் கடைசி வருட விருந்து) பிள்ளைகள், அப்புறம் வீட்டிலிருந்தே புடவை விற்கிற பெண்களுக்காகப் புடவைப் படங்கள். இதுவரை ஜன்னல் வெளிச்சத்தில்தான் ஓட்டினேன். ஆனால் இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர முடியும். ஆகவே லைட் தேவைப்பட்டது.

எனக்கு வேண்டியது ஃபிளாஷ்தான், தொடர்ந்து எரிகிற எல்இடி இல்லை. நடக்கப் பழகுகிற குழந்தையை வைத்துப் படம் எடுத்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஸ்டுடியோ ஃபிளாஷ் கண் இமைப்பதற்குள் வெடித்து அணைந்துவிடும், குழந்தை ஓடினாலும் படம் ஆடாது. ஐஎஸ்ஓவை (காமிராவின் வெளிச்ச உணர்திறன்) 100-இல் வைத்துக்கொண்டே எஃப் 8 (சின்ன லென்ஸ் துளை) வரை போகலாம், புடவைக் கரையின் ஜரிகை முழுக்கத் தெளிவாக விழும். விளம்பரத்தில் போட்டிருந்ததும் அதுவே: "400 வாட் புரொஃபெஷனல் ஸ்டுடியோ ஃபிளாஷ் இரண்டு, 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் இரண்டு, ஸ்டாண்ட், வயர்லெஸ் ட்ரிக்கர், பவென்ஸ் மவுண்ட்." சாஃப்ட்பாக்ஸ் என்பது வெளிச்சத்தை மென்மையாக்குகிற துணிக்கூடு, ட்ரிக்கர் காமிராவிலிருந்து ஃபிளாஷை வெடிக்க வைப்பது, பவென்ஸ் மவுண்ட் அந்தக் கூட்டை லைட்டில் மாட்டுகிற வளையம். வாட் என்பது விளக்கு தொடர்ந்து இழுக்கிற மின்சாரம், வாட்-செகண்ட் என்பது ஃபிளாஷ் ஒரு தடவை வெடிக்கிற சக்தி. 400 என்பது வாட்டா, வாட்-செகண்டா என்று எழுதியே கேட்டேன். "400 வாட்-செகண்ட், ஸ்ட்ரோப்தான், சந்தேகமே வேண்டாம் அக்கா" என்று பதில் வந்தது (ஸ்ட்ரோப் என்றாலும் ஃபிளாஷ்தான்). ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது என்று கடைக்கே போனேன். இந்த இடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

உள்ளே நுழைந்ததும் "வணக்கம், வாங்கக்கா, சாப்பிட்டாச்சா?" என்றான். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு அதற்கு மேல் தமிழ் வராது, மீதி எல்லாம் ஆங்கிலம்தான். ஆனாலும் அந்த நாலு சொல் காதில் விழுந்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. கையில் மஞ்சள் கயிறு. காவடி எடுக்க விரதம் இருக்கிறானாம், அதனால் மதியம் பழம் மட்டும்தானாம். என் மாமியார் எந்த ஊர், எந்தக் கோயிலுக்குப் போவார் என்று விசாரித்தான். தன் பாட்டி கரும்புத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்றான். "கோயிலுக்கு வருகிற ஆட்களிடம் நான் லாபம் பார்க்கிறதில்லை அக்கா, என் செலவு வந்தால் போதும்" என்று சொல்லி 16,500-ஐ 14,800 ஆக்கினான்.

அப்புறம் காட்சிக்கு வைத்திருந்த ஃபிளாஷை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினான். நல்ல கனமான உலோக உடம்பு, பின்னால் மோடலிங் லாம்ப் சுவிட்ச் எல்லாம் இருந்தது. என் காமிராவிலேயே ட்ரிக்கரைச் செருகச் சொல்லி, என்னையே அவனைப் படம் எடுக்கச் சொன்னான். எஃப் 8, ஐஎஸ்ஓ 100. கத்தி மாதிரி படம். மஞ்சள் கயிறின் முறுக்குக்கூடத் தெரிந்தது. அந்தப் படம் இன்னும் என் மெமரி கார்டில் இருக்கிறது, பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வருகிறது.

"இதையே கொடுத்துவிடுங்கள்" என்றேன். "இது ஆயிரம் தடவை வெடித்த டியூப், உங்களுக்கு எதற்கு? சீல் பிரிக்காதது உள்ளே இருக்கிறது" என்று பெட்டியைக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கடையில் சீல் உடைத்தால் சப்ளையர் வாரண்டி தரமாட்டார். வீட்டில் நிதானமாகப் பிரியுங்கள். நான் எங்கே ஓடப் போகிறேன்? இங்கேதானே இருக்கிறேன்" என்றான். கார்டு மெஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லையாம். வங்கி ஆப்பில் உடனடிப் பணமாற்றம் செய்தேன். 14,800 ராண்ட் அந்த நிமிடமே அவன் கணக்குக்குப் போய்விட்டது. கையால் எழுதிய ரசீதில் "ஸ்டுடியோ லைட் கிட் 1" என்று மட்டும் போட்டான். மாடல் எண் எழுதச் சொன்னதற்கு, பெட்டியிலேயே இருக்கிறது என்றான்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஃபிளாஷே இல்லை. ஃபிளாஷ் மாதிரி வடிவம் கொடுத்த பிளாஸ்டிக் எல்இடி விளக்கு இரண்டு. வயர்லெஸ் ட்ரிக்கர் என்று இருந்தது, விளக்கைக் கூட்டிக் குறைக்கிற ரிமோட். பவென்ஸ் மவுண்ட் என்ற பெயரில் மூன்று பிளாஸ்டிக் பற்கள் வைத்த ஒரு வளையம், அதில் ஒன்று பிடிக்கவே இல்லை. சாஃப்ட்பாக்ஸ் தானாகக் கழன்று, குழந்தைகளைப் படுக்கவைக்கிற மெத்தை மேல் விழுந்தது. அப்போது மெத்தையில் யாரும் இல்லை. நம் மூன்று உருண்டை முள் பிளகுக்குப் பதிலாகத் தட்டையான இரண்டு முள் வைத்த ஒயரும், ஆட்டம் கொடுக்கிற ஓர் அடாப்டரும். கால் மணி நேரம் எரியவிட்டதும் பிளாஸ்டிக் தீய்கிற வாசனை வந்தது.

எதிர்வீட்டு அண்ணன் இன்வெர்ட்டரும் சோலாரும் பொருத்துகிறவர். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நாட்களில் இந்தத் தெருவுக்கே அவர்தான் கதி. சுவரில் செருகி மின்சாரம் அளக்கிற மீட்டரைக் கொண்டுவந்து பார்த்தார். "400 வாட்" விளக்கு இழுத்தது 58 வாட். "தங்கச்சி, இது 400 இல்லை, 400-க்குப் பக்கத்து வீடுகூட இல்லை" என்றார். பெட்டியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் 'ஈக்விவலன்ட்' என்று இருக்கிறது. அதாவது பழைய குண்டு பல்புக் கணக்குக்கு ஈடான 400.

சரி, படமாவது எடுக்க முடிகிறதா என்று பார்த்தேன். சாஃப்ட்பாக்ஸ் போட்டு ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 வைத்தால் ஷட்டர் 1/15 வினாடிக்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்தில் பொம்மையைத்தான் எடுக்கலாம், குழந்தையை எடுக்க முடியாது. ஐஎஸ்ஓவை ஏற்றி 1/250-க்குப் போனால் படம் முழுக்கக் குறுக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டர் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நிறம் இன்னும் மோசம். பெட்டியில் 'சிஆர்ஐ 95' (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. புடவைக்காரப் பெண் ஒருத்தி கொண்டுவந்த அரக்குச் சிவப்புப் பட்டு, படத்தில் செங்கல் நிறமாக விழுந்தது. அவளுடைய வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேடிப் படித்ததில் தெரிந்தது: சிஆர்ஐ என்பது மங்கலான எட்டு நிறங்களின் சராசரிதான். ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். சிவப்பில் மண்ணாக இருக்கிற விளக்குகூட நல்ல சிஆர்ஐ எண் காட்டலாம். நம் சருமத்துக்கும் பட்டுக்கும் குங்குமத்துக்கும் அந்தச் சிவப்புதான் உயிர். இந்த விளக்கில் அந்த 95-ஆவது உண்மையா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் தொடங்கியது சாக்குகள். முதலில் "வீடியோ எடுத்து அனுப்புங்கக்கா" என்றான், அனுப்பினேன். "உங்க காமிரா செட்டிங் தப்பு" என்றான். ஃபிளாஷே இல்லாத பெட்டிக்கு என்ன செட்டிங் வைப்பது? பிறகு டெக்னீஷியன் லீவு. பிறகு ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) சப்ளையர் பதில் போடவில்லை. நேரில் போனால் கடையில் ஒரு பையன், "பாஸ் வெளியே போயிருக்கிறார்" என்றான். உள்ளே பாஸின் குரல் கேட்டது! அடுத்து, சீல் பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றான். சீலைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. கடைசியில் "30 சதவீதம் கழித்துக்கொண்டு தருகிறேன், அதுவும் வேறு பொருளாக" என்றான். என் 14,800-இல் அவனுக்குக் கழிவு வேண்டுமாம்.

இணையச் சந்தையிடம் முறையிட்டேன். பணம் எங்கள் வழியாக வராததால் இது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம் என்று தானியங்கிப் பதில் வந்தது. அதன் கீழேயே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று ஒரு கேள்வி. வங்கியில், உடனடிப் பணமாற்றத்தை, பணம் பெற்றவர் சம்மதிக்காமல் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று இரவு அதே சந்தையில் வேறு ஒரு பெயரில் அதே விளம்பரம், அதே படம். இப்போது விலை 13,900. "இது ஃபிளாஷா?" என்று என் கணவர் எண்ணிலிருந்து கேட்டேன். "ஆமாம் பிரதர், 400 வாட்-செகண்ட்." பிறகு நான் யார் என்று சொன்னேன். காலையில் இரண்டு எண்ணும் பிளாக்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, அதையாவது எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான, சொன்னபடி இல்லாத பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தை வாங்குவதா என்று முடிவு செய்வது வாங்கியவர். "திருப்பி எடுப்பதில்லை" என்று சுவரில் ஒட்டிய பலகை இதைத் தடுக்காது. 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம், அங்கே வக்கீல் வாதாட முடியாது, நாமே பேசவேண்டும். முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம். அதைக் கடைப் பையனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாகிவிட்டது.

லைட் வாங்குவது பற்றி விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபிளாஷுக்கு வாட்-செகண்ட், எல்இடிக்கு அது உண்மையில் இழுக்கிற வாட், இரண்டையும் குழப்புகிற கடையை விட்டு வெளியே வாருங்கள். கடையில் சுட்டுக் காட்டிய பீஸையே கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வரப்போகிற பெட்டியை அங்கேயே பிரித்து, உங்கள் காமிராவால் எடுத்துப் பாருங்கள். சீல் கதை சொன்னால் எழுந்துவிடுங்கள். எல்இடி என்றால் 1/250-இல் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள், பட்டை விழுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கூடவே ஒரு சிவப்புத் துணி கொண்டுபோங்கள். மவுண்ட் வளையம் உலோகமா என்று பாருங்கள். பவென்ஸ் கம்பெனி 2017-இலேயே மூடிவிட்டது, ஆனால் அந்த மவுண்டுக்குப் பல கம்பெனிகள் சாஃப்ட்பாக்ஸ் செய்கின்றன என்பதால் அதுவே நல்லது. ரசீதில் மாடல் எண் வேண்டும். கார்டில் கட்டுங்கள். அப்புறம், கராஜ் அளவு இடத்துக்கு இரண்டு லைட் தேவையே இல்லை. நல்ல ஃபிளாஷ் ஒன்று, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, போதும். மீதி இன்னொரு நாள்.

இதே பெட்டி, இதே கையெழுத்து ரசீது வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சம்மன் கொடுக்க அவன் இருக்கிற முகவரி வேண்டும். இன்று பத்து மணிக்கு ஆர்கேடுக்குப் போனால் கதவில் பூட்டு, பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறான்.