சத்துவாச்சாரி மேத்ஸ் டியூஷன்: ரூட் கிராஃப் புரிய வெச்ச சார்

பையன் பதினொண்ணாவது, ஸ்டேட் போர்டு. முதல் பாடத்துலயே சார்பு, கிராஃபை அந்தாண்ட இந்தாண்ட நகத்துறதுன்னு வந்ததும் மிரண்டுட்டான், ரூட், அதாவது வர்க்கமூலம், வந்தா நோட்டையே மூடிடுவான். அதான் நம்ம வேலூர் சத்துவாச்சாரியில ஒரு வீட்டு மாடியில சார் ஒருத்தர் எடுக்குற டியூஷன்ல சேத்தோம், மூணு மாசம் ஆச்சு.

முதல் நாள் நானும் பின்னாடி உக்காந்து பாத்தேன். ஃபார்முலா எதுவும் எழுதல, நூல்ல ஒரு சாவியைக் கட்டி ஆட்ட விட்டாரு. நூல் 25 சென்டிமீட்டர் இருந்தா பத்து தடவை போய்ட்டு வர கிட்டத்தட்ட 10 செகண்ட், அதையே 1 மீட்டர் ஆக்குனா 20 செகண்ட். நீளம் 4 மடங்கு, நேரம் 2 மடங்கு தான். "இதான்டா ரூட்டு"ன்னாரு. அப்புறம் தான் கிராஃப் ஷீட்டே வெளிய வந்துச்சு, 0, 1, 4, 9, 16-க்கு நேரா 0, 1, 2, 3, 4-ன்னு புள்ளி வெச்சு சேத்தா ஆரம்பத்துல விறுவிறுன்னு ஏறி போகப்போக படுத்துக்குற மாதிரி ஒரு வளைவு, இதான் பேரண்ட் ஃபங்ஷன், அதாவது அடிப்படைச் சார்பு, மத்ததெல்லாம் இதோட புள்ளைங்கன்னாரு.

பசங்க தடுமாற்ற எடம், ரூட்டுக்குள்ள எக்ஸ் மைனஸ் 3 வந்தா. மைனஸ்னா லெஃப்ட்ல தானே போவணும்னு என் பையனும் கேட்டான். அதுக்கு சார், "காட்பாடியில கிளம்புற பாகாயம் பஸ் இன்னிக்கு மூணு ஸ்டாப் தள்ளி கிளம்புதுன்னு வெச்சிக்கோ, பஸ் அதே தான், ஆனா அதுக்கு முன்னாடி ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்கிறவனுக்கு பஸ் கிடையாது"ன்னாரு. எக்ஸ் 3-க்கு கீழ போனா உள்ள மைனஸ் ஆயிடும், ரூட் எடுக்க முடியாது, அதனால வளைவு 3-ல தான் பொறக்கும், ரைட்ல. வெளிய பிளஸ் 2 போட்டா மொத்தமா 2 மேல ஏறும், ரூட்டுக்கு முன்னாடி மைனஸ் போட்டா தலைகீழா கவுந்துடும். கியூப் ரூட்டுக்கு (கனமூலம்) இந்த தடையே இல்ல, மைனஸ் 8-க்கு மைனஸ் 2 வருதே, அது ரெண்டு பக்கமும் ஓடும்.

கிராஃப் வரைஞ்சு காட்டுற ஜியோஜீப்ரா சாஃப்ட்வேர்லயும் காட்டுறாரு, ஆனா கையால ஒருதரம் வரைஞ்ச பெறகு தான், அது எனக்கு ரொம்ப புடிச்சது.

போன வாரம் பையன் ஃபோன்ல ஃப்ரெண்டுகிட்ட, "ரூட் எக்ஸ் சமம் மைனஸ் 3-ன்னு குடுத்தா ஸ்கொயர் பண்ணி 9-ன்னு எழுதிடாத, வளைவு ஜீரோவுக்கு கீழ எறங்கவே எறங்காதுடா, விடையே இல்ல"ன்னு சொல்லிக்கினு இருந்தான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

குறைன்னா மேல ஷீட்டு கூரை, நம்ம வேலூர் வெயிலுக்கு ஒரே ஒரு ஃபேன் பத்தவே பத்தாது, சொல்லியும் இன்னும் மாத்தல. சேக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா உக்கார விடறாரு, கிராஃப் நோட்டும் பென்சிலும் குடுத்து அனுப்புங்க.