வேட்டி சட்டைக்குள்ள .32 ரிவால்வர்: இடுப்புக்கு எது தோது, எது தொந்தரவு

மொதல்லயே சொல்லிர்றேன், இது லைசன்ஸ் கைல இருக்கவங்களுக்கும் அப்ளிகேஷன் போட்டுட்டு வெரிஃபிகேஷன் முடியட்டும்ண்டு காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கும் எழுதுறது. லைசன்ஸ் இல்லாம எங்க கிடைக்கும்ண்டு கேக்குறவங்க இப்பவே கிளம்பலாம். எனக்கு மதுரை தெற்காவணி மூல வீதில நகை லைன் வியாபாரம், உசிலம்பட்டி, தேனி, போடி, அந்தப்பக்கம் திண்டுக்கல்லுண்டு கடை கடையா சரக்கு எடுத்துட்டுப் போறதுதான் பொழப்பு, அதனால வாங்குனது, ஷோக்குக்கு இல்ல. லைசன்ஸ்ல ரெண்டு ரிவால்வர் ஏறி இருக்கு, ஒண்ணு கான்பூர் ஃபேக்டரி .32 மார்க் த்ரீ, இன்னொண்ணு அதே கான்பூர்ல வர்ற நிர்பீக். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டுதான், முன்ன மூணு வரைக்கும் வச்சுக்கலாம்.

இதப்பத்தி தேடுனா யூடியூப்ல வர்றது அம்புட்டும் அமெரிக்காக்காரன் வீடியோதான். அவன் பாட்டுக்கு சிக் பி365 எடுத்து தொப்புளுக்குக் கீழ சொருகுறான், நாளைக்கு கிளாக் 43ங்கிறான், வாடகைக்கு எடுத்து ரேஞ்ச்ல சுட்டுப் பாத்துட்டு புடிக்கலைண்டா வேறங்கிறான். நமக்கு அந்தக் கதையே வேற. அதெல்லாம் 9 எம்எம், இங்க 9 எம்எம் ப்ரொஹிபிடட் போர், அதாவது தடை பண்ணுன குழல் அளவு, .38உம் அப்படித்தான், சாதாரண ஆளுக்கு கிடையாது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிய எண்பதுகள்லயே நிப்பாட்டிட்டாங்க, அதனால அதுக்கு முன்ன வந்த பழைய வெப்லி, வால்தர் மாதிரி உருப்படி கை மாறும்போது சொல்ற விலையக் கேட்டா ஒரு செகண்ட் ஹேண்ட் காரே வாங்கிறலாம். ஆகக்கூடி நம்ம கைக்கு வர்றது பெரும்பாலும் .32, இல்லைண்டா .22. அதுலயும் மொத லைசன்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி, டீலர் கவுண்ட்டர்ல கைல புடிச்சுப் பாக்குறதோட சரி, இடுப்புல வச்சு ரெண்டு நாள் நடந்து பாத்துட்டு வர்றேண்ணே எண்டெல்லாம் கேக்க முடியாது. அதனாலதான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

இன்னொரு விஷயம், நெறைய பேருக்கு இது தெரியல. மறைச்சு வைக்கிறது தப்பு, வெளிய தெரியுற மாதிரி மாட்டிக்கிட்டாதான் சட்டப்படி சரிண்டு நெனைக்கிறாங்க. தலைகீழ். 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ்படி பொது இடத்துல கைத்துப்பாக்கி கொண்டு போனா ஹோல்ஸ்டர்லயோ, அது மாதிரி உறைலயோ, பைலயோ இருக்கணும், முழுசா மூடி இருக்கணும், நம்ம கட்டுப்பாட்டுலயும் இருக்கணும். எடுத்துக் காட்டி மெரட்டுறது, கல்யாணத்துல வானத்தப் பாத்து சுடுறது எல்லாம் கேஸ். அதனால மறைவா வைக்கிறதுங்கிறது ஸ்டைல் இல்ல, ரூல்.

சரி துப்பாக்கிக்கு வருவோம். மார்க் த்ரீ 700 கிராம் பக்கம், நிர்பீக் டைட்டானியம் கலவை, அரை கிலோ பக்கம். எங்க தொழில் கணக்குல சொன்னா ஒண்ணு எண்பத்தேழு பவுன், இன்னொண்ணு அறுபத்திரெண்டு பவுன், இருபத்தஞ்சு பவுன் வித்தியாசத்த காலைல ஒம்பது மணிக்கு மாட்டி ராத்திரி கழட்டுற வரைக்கும் இடுப்பு சொமக்குது. அதுக்கு மேல ஆறு தோட்டா வேற. இதக் கேட்டதும் எல்லாரும் அப்ப நிர்பீக் வாங்கிர வேண்டியதுதானண்டு முடிவு பண்ணிர்றாங்க. நான் அப்படி சொல்ல மாட்டேன். உறையும் பெல்ட்டும் சரியா இருந்தா மார்க் த்ரீய மாட்டிக்கிட்டு போடி வரைக்கும் போயிட்டு வந்தாலும் இடுப்பு கேக்காது, தொளதொளண்டு இருக்கற உறைல நிர்பீக்க வச்சா மத்தியானத்துக்குள்ள கழட்டி எறியலாம்ண்டு வரும். எடை ரெண்டாவது பிரச்சினைதான். மொத பிரச்சினை உருளை.

ரிவால்வர்ல உருளை இருக்கற இடம்தான் தடிமன், அதுதான் விலா பக்கம் குத்தும். .32 எந்த மாடல் எடுத்தாலும் ஆறு தோட்டா உருளை, தடிமன்ல பெரிய வித்தியாசம் கிடையாது. குழல் நீளத்தப் பத்தியும் ரொம்ப யோசிக்காதீங்க, அது கீழ்நோக்கி தொடைப் பக்கம் போயிரும், இன்னுஞ் சொல்லப்போனா குழல் ரொம்ப குட்டையா இருந்தா மேல்பக்கம் கனத்து வெளிய சாயும். வெளிய காட்டிக் குடுக்கறது கைப்பிடி. குனிஞ்சா சட்டைல முட்டி நிக்கும். டீலர்கிட்ட போனா குழலப் பாக்காதீங்க, கைப்பிடி எம்புட்டு நீளம், அடிப்பக்கம் கூரா இருக்கா உருண்டையா இருக்கா, ஹேமர், அதாவது பின்பக்கம் இருக்கற சுத்தி, அதோட நுனி சட்டைத் துணில மாட்டுற மாதிரி இருக்கா, இதப் பாருங்க.

தட்டையா வேணும்ண்டா பிஸ்டல்தான். அஷானி .32 பிஸ்டல் இருக்கு, உருளை இல்லாததால இடுப்போட ஒட்டி கெடக்கும், மறைக்கிறதுல ரிவால்வர விட நல்லது, இதுல சந்தேகமே இல்ல. ஆனா ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் வேற வேற, ரெண்டும் .32ண்டு சொல்லிக் கொழப்பிக்காதீங்க, ரிவால்வருக்கு ஸ்மித் அண்ட் வெஸன் லாங், பிஸ்டலுக்கு ஏசிபி. பிஸ்டல்ண்டா மேகசின், ஸ்லைடு, சேஃப்டிண்டு பழக வேண்டியது ஜாஸ்தி, அடிக்கடி ரேஞ்சுக்குப் போறவங்களுக்கு அது சரி. வருஷத்துக்கு ஒருக்கா தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது எடுத்து எண்ணெய் போடுற ஆளுக்கு ரிவால்வர்தான். புதுசா 2023ல வந்த பிரபல் டீலர்கிட்ட கைல புடிச்சுப் பாத்தேன், உருளை பக்கவாட்டுல வெளிய வர்ற மாடல், அதுவும் 700 கிராம் பக்கம், கைல நல்லா உக்காருது, மறைக்கிற விஷயத்துல மார்க் த்ரீக்கும் அதுக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. .22ல நிடார்ண்டு ஒண்ணு, கால் கிலோதான், பேண்ட் பாக்கெட்லயே போயிரும், ஆனா .22 குண்ட நம்பி பத்து லட்ச ரூபா சரக்கோட ஆண்டிபட்டி கணவாய் ஏற எனக்கு மனசு வரல, அது என் அபிப்பிராயம்.

நிர்பீக்கப் பத்தி ஒரு துணுக்கு. 2014ல வந்தப்ப பெண்களுக்குண்டு விளம்பரம் பண்ணி நகைப் பொட்டி மாதிரி மெரூன் கலர் டப்பால வச்சுக் குடுத்தாங்க, அப்பவே விலை லட்சத்த தாண்டிருச்சு. அந்த விலைக்கு எந்தப் பொண்ணு வாங்கும்ண்டு அப்பவே கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு வாங்குனவன் பூரா என்ன மாதிரி தொப்பை வச்ச வியாபாரிதான். டைட்டானியம் துருப்பிடிக்காது, மதுரை வேர்வைக்கு இது பெரிய வரம். சுடும்போது லேசான துப்பாக்கி கைல கூடுதலா எகிறும், அது எந்தக் கம்பெனி துப்பாக்கியா இருந்தாலும் அப்படித்தான், ஆனா .32 லாங் தோட்டா மெதுவான சாதி, தாங்கிக்கலாம். மார்க் த்ரீல ரெண்டாவது குண்டு மொதக் குண்டு பக்கத்துல போகும், நிர்பீக்ல அம்புட்டு சொகமா போகாது. அதனால பழகுறது மார்க் த்ரீல, மாட்டுறது நிர்பீக்லண்டு இருக்காதீங்க, எத மாட்டுறீங்களோ அதுலயே சுட்டுப் பழகுங்க.

இப்பதான் முக்கியமான விஷயம், உறை. ஆன்லைன்ல வாங்குன நைலான் ஹோல்ஸ்டர் ஒண்ணு இருந்துச்சு, எந்தக் கடைண்டு வேணாம், எல்லா சைஸுக்கும் பொருந்தும்ண்டு போட்டிருந்தான், எதுக்கும் பொருந்தல. அமெரிக்காக்காரன் சொல்ற கைடெக்ஸ்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை அவன் ஊரு மாடலுக்குத்தான் வார்த்து வருது, மார்க் த்ரீக்கு எவன் வார்ப்பான். கடைசில திண்டுக்கல்ல தோல் வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட சொல்லி செஞ்சேன். தோல்ல ரெண்டு தினுசு இருக்கு, குரோம்ல பதப்படுத்துனது மெத்துண்டு இருக்கும், செருப்பு பைக்கு ஆகும், துப்பாக்கிக்கு ஆகாது, அதுல இருக்கற உப்பு இரும்ப திங்கும். பட்டை போட்டுப் பதப்படுத்துனது, நம்ம பக்கம் ஆவாரம்பட்டை போட்டு காலகாலமா பண்ணுனது, அது வெறப்பா நிக்கும், நனச்சு அச்சு மேல இழுத்து ஒட்டவச்சு காயவிட்டா அந்த உருவத்துலயே இறுகிரும். அந்தத் தோல்தான் கேளுங்க. ஆனா துப்பாக்கிய அவர்கிட்ட குடுத்துட்டு வர முடியாது, லைசன்ஸ் இல்லாத ஆள் கைல விட்டுட்டு வந்தா உங்க லைசன்ஸ் போயிரும். நம்ம ஆசாரிகிட்ட துப்பாக்கிய வச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்து அதே அளவுல வேப்பங்கட்டைல செதுக்கி வாங்குனேன், அந்தக் கட்டையத்தான் தோல்காரர்கிட்ட குடுத்தேன். ஆசாரி கூலி, தோல், தையல் எல்லாம் சேத்து அந்த நைலான் குப்பைய விட கொஞ்சம்தான் கூட ஆச்சு.

உறைல பாக்க வேண்டியது: ட்ரிகர் முழுசா மூடணும், தலைகீழா கவுத்தாலும் விழக்கூடாது, துப்பாக்கிய வெளிய எடுத்ததும் வாய் அமுங்கிறக் கூடாது. வாய்ல ஒரு பட்டை கூடுதலா தைக்கச் சொல்லுங்க. பெல்ட் ஒண்ணரை இஞ்ச் அகலம், ரெட்டைத் தோல், வளைச்சா சட்டுண்டு வளையக் கூடாது. மெல்லிசு ஆபீஸ் பெல்ட்ல மாட்டுனா துப்பாக்கி ஒரு பக்கம் தொங்கி பேண்ட்ட இழுத்துக்கிட்டே இருக்கும், நாள் பூரா இழுத்து விட்டுக்கிட்டு அலையுற ஆளப் பாத்தாலே என்னமோ வச்சிருக்கான்ண்டு சின்னப்புள்ளைக்குத் தெரியும். பேண்ட்டுக்கு உள்ள சொருகுற உறைண்டா டெய்லர்கிட்ட இடுப்ப ரெண்டு இஞ்ச் விட்டுத் தைக்கச் சொல்லுங்க. வலது இடுப்பு எலும்புக்கு கொஞ்சம் பின்னாடி, கைப்பிடி லேசா முன்பக்கம் சாஞ்ச மாதிரி வச்சா எனக்கு ஒத்து வருது. தொப்பைக்காரன் முன்னால வச்சா உக்கார முடியாது, குழல் வாய் வேற எங்க பாத்துட்டு இருக்கும்ண்டு யோசிச்சுப் பாருங்க. நடு முதுகுலயும் வேணாம், தடுமாறி விழுந்தா முதுகெலும்பு போச்சு.

வேட்டிக்கு வர்றேன், இதத்தான் நெறைய பேர் கேட்டாங்க. பச்சை வேட்டி பெல்ட் பைல போட்டுக்கலாமாண்டு ஒருத்தர் கேட்டார். அய்யா வேணாம், அது பணம் வைக்கிற பை, ட்ரிகருக்கு ஒரு மறைப்பும் கிடையாது. நான் பண்ணுனது என்னண்டா உள்ள போடுற பட்டாபட்டி டவுசர் மாதிரியே கெட்டி டிரில் துணில ஒண்ணு தச்சு, அதுல பெல்ட் போடுற வளையம் வச்சு, உறைய அந்த பெல்ட்ல மாட்டி, மேல வேட்டி. நல்லாவே நிக்குது. ஒரே சிக்கல், வேட்டிய மடிச்சுக் கட்டவே கூடாது, மதுரைல பொறந்துட்டு பேசிக்கிட்டே வேட்டிய மடிச்சுக் கட்டாம இருக்கறது எம்புட்டு கஷ்டம்ண்டு கட்டுறவனுக்குத்தான் தெரியும். அப்புறம் வெள்ளைச் சட்டை. வெள்ளைல உருவம் அப்படியே அடிக்கும், வேர்த்து ஒட்டுனா கேக்கவே வேணாம். கட்டம் போட்ட சட்டை, ஒரு சைஸ் பெருசு, இன் பண்ணாம விட்டா போதும். வெள்ளையும் வெள்ளையுமா போயே ஆகணும்ண்டா அன்னைக்கு கைப்பை, தனி அறை வச்சது, அந்த அறைல வேற சாவி பேனா எதுவும் இருக்கக் கூடாது, பைய டீக்கடை பெஞ்சுல வச்சுட்டு கை கழுவப் போகக் கூடாது.

பைக்க விட கார்தான் படுத்தும். சீட் பெல்ட் கொக்கி சரியா உருளை மேல வந்து உக்காரும், உறைய இன்னும் ஒரு விரக்கடை பின்னாடி தள்ளி பெல்ட்ட உறைக்குக் கீழ விட்டு மாட்டுனா கொஞ்சம் பரவால்ல. கழட்டி டேஷ்போர்டுல வைக்கலாம்ண்டு தோணும், வைக்காதீங்க.

சித்திரை வைகாசி வெயில்ல மார்க் த்ரீயோட கருநீலப் பூச்சு வேர்வைல சீக்கிரம் போயிரும், கைப்பிடிக்கு மேல பின்பக்கம்தான் மொத துரு வரும், ஏன்னா அங்கதான் உடம்பு படும். ராத்திரி வந்ததும் தோட்டாவ எடுத்துட்டு காட்டன் துணில தொடச்சு ரெண்டு சொட்டு எண்ணெய், அம்புட்டுதான். உறைக்குள்ளயே வச்சு பீரோல பூட்டிராதீங்க, தோல் ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டு துப்பாக்கிக்குக் குடுக்கும். உறைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு பனியன், சொரியுறது நிக்கும்.

எங்க கொண்டு போகக் கூடாதுங்கிறத வாங்குறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கங்க. மீனாட்சி அம்மன் கோயில்ல செல்போனே விடமாட்டான், கோர்ட்டுக்குள்ள முடியாது, விமானத்துல கையோட முடியாது, அழகர் ஆத்துல எறங்குற கூட்டத்துல இடுப்புல இதோட நிக்கிறது முட்டாத்தனம். லைசன்ஸ்ல தமிழ்நாடு மட்டும்ண்டு போட்டிருந்தா போடிமெட்டு, குமுளி தாண்டக் கூடாது, அந்தப்பக்கம் கேரளா, தேனி லைன் போறவங்க இத மறந்துராதீங்க.

தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்லி பெரும்பாலும் ஓலை வந்துரும். அப்ப உறைய வீட்டுல வச்சுட்டு துப்பாக்கிய மட்டும் நல்லா எண்ணெய் போட்டு துணில சுத்திக் குடுங்க, நம்பர் எழுதுன ரசீது வாங்கிக்கங்க, திரும்ப வாங்கும்போது அங்கயே நம்பரச் சரிபாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.