கல்லூரி அணியில் இடம் தேடித் தரும் கட்டணச் சேவை: ஒரு டென்னிஸ் குடும்பத்தின் மதிப்பீடு

நியூ ஜெர்சியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளுக்காக, 2024 ஜனவரியில், உயர்நிலைப் பள்ளி வீரர்களைக் கல்லூரிப் பயிற்சியாளர்களிடம் கொண்டுசேர்ப்பதாகக் கூறும் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ மூவாயிரம் டாலர் கட்டிச் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. மற்றப் பெற்றோரிடம் பேசியதில், வேறு நிறுவனங்களில் அவர்கள் கண்டதும் பெரும்பாலும் இதுவே என்று தெரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் கலந்தாய்வு உண்மையிலேயே பயனுள்ளதாக இருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் நிலையான டிவிஷன் 1 கல்லூரிகளில் ஆட வேண்டுமானால் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவற்றுள் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அப்பாடங்களில் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 2.3க்குக் குறையக் கூடாது என்பதையெல்லாம் ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மகள் எடுத்திருந்த ஒரு கணினிப் பாடம், எங்கள் பள்ளிக்கென என்சிஏஏ ஏற்றுக்கொண்ட பாடப் பட்டியலில் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. அந்தப் பட்டியல் இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது என்பதும், பள்ளி ஆலோசகரைக் கேட்டிருந்தால் அவரே எடுத்துக் காட்டியிருப்பார் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காணொளியில்தான் முதல் சறுக்கல். மகளின் ஆட்டங்களிலிருந்து அவள் வென்ற புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, பின்னணி இசை சேர்த்து, மூன்று நிமிடப் படமாகத் தந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. அதைப் பார்த்த ஒரு கல்லூரிப் பயிற்சியாளர், வெட்டாத ஒரு முழு செட்டை அனுப்புமாறு இரண்டே வரியில் கேட்டார். என் கணவர் கைப்பேசியை ஆடுகளத்தின் பின்வேலியில் மாட்டி, நாற்பது நிமிடம் பதிவு செய்தார். அதில் மகள் இரண்டு முறை தொடர்ந்து டபுள் ஃபால்ட் செய்து (இரண்டு சர்வீசும் தவறிப் புள்ளியை இழப்பது), முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தை நான்கு முறை தட்டி, அடுத்த சர்வீசைப் போடும் இடமும் இருந்தது. அந்தப் பயிற்சியாளர் பதில் எழுதியபோது குறிப்பிட்டது அந்த இடத்தைத்தான்.

நிறுவனம் பெருமையாக விற்பது பயிற்சியாளர்களுடனான தொடர்பைத்தான். எனக்கு மிகவும் ஏமாற்றமளித்ததும் அதுவே. மகளின் பெயரில் ஒரே வாசகமுடைய மின்னஞ்சலை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று, மகளிர் டென்னிஸ் அணியைக் கலைத்துவிட்ட கல்லூரிக்கும் போயிருந்தது. மேலும், பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த பின்வரும் ஜூன் 15க்கு முன்னர் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவருடன் நேரடியாகப் பேசவோ ஆட்சேர்ப்புக் கடிதம் எழுதவோ விதி இடம் தருவதில்லை. வினாப்படிவம், பயிற்சி முகாம் விவரங்கள் போன்றவற்றை மட்டுமே அவர்கள் அனுப்பலாம். இதைச் சொல்லாமல், பிப்ரவரியில் வந்து சேர்ந்த முகாம் அழைப்புகளையெல்லாம் “பயிற்சியாளர்களின் ஆர்வம்” என்று கணக்குக் காட்டியது நேர்மையாகப் படவில்லை. அந்தக் கோடையில் மகள் தானே உட்கார்ந்து, பன்னிரண்டு கல்லூரிகளைத் தேர்ந்து, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தனித்தனியே யூடிஆர் என்னும் தன் ஆட்டத் தர மதிப்பெண், பாட மதிப்பெண்கள், அடுத்து ஆடவிருக்கும் போட்டிகளின் தேதிகள் ஆகியவற்றை எழுதி அனுப்பினாள். ஏழு பதில்கள் வந்தன.

உதவித்தொகை பற்றிய பேச்சும் மங்கலாகவே இருந்தது. என்சிஏஏவின் மூன்றாம் நிலையான டிவிஷன் 3 கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தையோ, சில கல்லூரிகளில் படிப்பையோ பார்த்துத் தரும் உதவி மட்டுமே உண்டு. டிவிஷன் 1 டென்னிஸ் அணிகளிலோ பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வீரர்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் பழைய உதவித்தொகை வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது; டென்னிஸுக்கு அது பத்து. இப்படி இடம் சுருங்கும் காலத்தில், எங்களுக்குத் தந்த வழிகாட்டி நூலோ, ஒரு கல்லூரியில் சேர உறுதியளித்து வீரர்கள் கையெழுத்திட்டுவந்த, 2024 அக்டோபரில் கைவிடப்பட்ட தேசிய ஒப்புதல் கடிதத்துக்கு ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியிருந்தது. அடுத்த ஆண்டும் அதே நூலைத்தான் அனுப்பினார்கள்.

மகள் தேர்ந்தது ஒரு டிவிஷன் 3 கல்லூரி. 2025 ஜூலையில் பயிற்சியாளர் அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையும் வாங்கி, அவளுக்கு இடம் கிடைக்குமா என்று சேர்க்கை அலுவலகத்தின் முன்கருத்தைக் கேட்டுச் சொன்னார். நவம்பரில், இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதி தரும் முன்கூட்டிய முடிவுக்கான விண்ணப்பம் போட்டோம். இந்தக் கட்டத்தில் நிறுவனத்தின் பங்கு எதுவும் இல்லை.

பள்ளியில் நல்ல ஆலோசகரும் தானே கடிதம் எழுதத் தயங்காத பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு இந்தச் சேவை தேவையில்லை. அமெரிக்கப் பள்ளி முறைக்கே புதிதாக வந்தவர்கள் முதல் கலந்தாய்வை மட்டும் தனியே வாங்க முடிந்தால் வாங்கலாம். எங்களுக்கு அப்படி விற்க மறுத்துவிட்டார்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், அந்த இரண்டும் கணினிப் பாடத்தைக் கண்டுபிடித்த ஆலோசகருக்கு.

டிசம்பரில் இடம் உறுதியான மறுவாரம் நிறுவனத்திலிருந்து வாழ்த்து வந்தது. தங்கள் வெற்றிப் பக்கத்தில் வெளியிட மகளின் படம் ஒன்றையும் கேட்டிருந்தார்கள். அனுப்பவில்லை.